குரோட்டன் என்றால் கிரேக்கத்தில் உண்ணி

என் குறிப்பேட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமையின் பக்கம் இப்படித் தொடங்குகிறது:

“காலை 7.10. டோல்கேட், நடைபாதை. தொட்டிகள் மொத்தம் 143. ரோஜா 31, குரோட்டன் 22, செம்பருத்தி 18, மற்றவை 72. வானம் தெளிவு. மாலை ஐந்து மணிக்குள் அனைத்தும் விற்றுவிடும் என்பது என் கணிப்பு.”

அதே பக்கத்தின் அடியில் வேறு மையில், வேறு கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: “இந்த ஆளாண்ட இனிமே யாரும் பேனா குடுக்காதீங்க.” எழுதியது என் மனைவி ரேவதி. எத்தனை மணிக்கு எழுதினாள் என்று குறிக்கவில்லை. (அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.)

சிலரால் சும்மா உட்கார முடியாது. சிலரால் பேசாமல் இருக்க முடியாது. என்னால் விவரம் எழுதாமல் இருக்க முடியாது. இது பிறவிக் குணமா, வேலை கொடுத்த குணமா என்று தெரியவில்லை. அப்போது எனக்கு இருபத்தேழு வயது. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஆவணப் பிரிவில் வேலை. உள்ளே என்ன சரக்கு, எந்த நாட்டுச் சரக்கு, எத்தனை உருப்படி என்ற மூன்றையும் எழுதாமல் எங்கள் கேட்டை ஒரு பெட்டியும் தாண்டாது. இந்த வேலையை மூன்று வருடம் பார்த்தால், சீட்டு ஒட்டாத எதைக் கண்டாலும் கை பரபரக்க ஆரம்பித்துவிடும். வீட்டில் பருப்பு டப்பாவுக்குச் சீட்டு ஒட்டினேன். உப்பு டப்பாவுக்கும் ஒட்டினேன். கண்ணாடி டப்பா, உள்ளே உப்பு இருப்பது வெளியிலிருந்தே தெரியும். அது வேறு விஷயம்.

அந்தச் சமயத்தில்தான் பழைய புத்தகக் கடை ஒன்றில் அட்டை பிய்ந்த அகராதி ஒன்று கிடைத்தது. செடிகளின் அறிவியல் பெயர்களுக்கு லத்தீனிலும் கிரேக்கத்திலும் என்ன பொருள் என்று சொல்லும் அகராதி. ஆங்கில எழுத்து வரிசையில் ‘பி’ (P) வரைதான் பக்கங்கள் இருந்தன. மீதியை எலி தின்றதா, முந்தைய உரிமையாளர் தின்றாரா தெரியாது. நான்கு மாதத்தில் மூன்று முறை படித்து முடித்தேன். பேருந்தில் போகும்போது சாலையோர மரங்களைப் பார்த்து வாய்க்குள் லத்தீன் முணுமுணுப்பேன். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வேறு இடம் போனதுண்டு.

இனி என் மாமியார். பெயர் தனம். டோல்கேட் பக்கம் ‘செடிக்கார தனம்மா’ என்றால் எல்லோருக்கும் தெரியும். மீன்பாடி எனப்படும் மூன்று சக்கர வண்டியில் தொட்டிகளை ஏற்றி வந்து நடைபாதையில் பரப்பி விற்பார். அவர் பேச்சைக் கேட்கவே ஆட்டோக்காரர்கள் வண்டியை ஓரம் கட்டுவார்கள். ஆனால் என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை பேச மாட்டார். கோபம் ஒன்றுமில்லை, மரியாதை. மாப்பிள்ளையிடம் மாமியார் நேருக்கு நேர் பேசக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். நான் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருப்பேன். “ரேவதி, உன் வூட்டுக்காரரு துன்னாரான்னு கேளு” என்பார். ரேவதி என்னைப் பார்ப்பாள். நான் தலையாட்டுவேன். “துன்னுட்டாராம்” என்பாள். ரேவதி இல்லாத நேரத்தில் மாமியார் மின்விசிறியிடமோ தண்ணீர்க் குடத்திடமோ பேசுவார். “இந்த ஃபேனு காலைலேர்ந்து ஓடிகினே கீது, பாவம்” என்றால் நான் எழுந்து அணைக்க வேண்டும் என்று பொருள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சாதாரண நாள் இல்லை. அவர் கடை போடும் நடைபாதையில் மழைநீர் வடிகால் தோண்டப் போகிறார்கள், திங்கட்கிழமை காலையில் பொக்லைன் வரும் என்று யாரோ வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவர் இருப்பது மாடியில் ஒற்றை அறை. அதில் அவரே குறுக்குவாட்டில்தான் படுக்க முடியும். ஆகவே 143 தொட்டிகளும் ஞாயிறு மாலைக்குள் போயாக வேண்டும். மிஞ்சியது மண்வாரியின் அடியில் போகும்.

“ஒண்ணு கூட மிச்சம் ஆவக்கூடாது” என்று ரேவதி சனிக்கிழமை மதியம் கவலையோடு சொன்னாள். “நீங்களும் வந்து கூட நில்லுங்க. எடுத்துக் குடுக்க ஆள் வேணும்.”

எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்றுதான் சொன்னாள். எழுதிக் கொடுக்க என்று சொல்லவில்லை. இதை அவள் இன்றுவரை நினைவூட்டுகிறாள்.

ஆனால் என் மூளையில் விளக்கு எரிந்துவிட்டது. மக்கள் ஏன் செடி வாங்கத் தயங்குகிறார்கள்? உள்ளே என்ன சரக்கு என்று தெரியாததால்தானே? சனிக்கிழமை மதியம் முழுக்க உட்கார்ந்து அட்டை வெட்டினேன். ஒவ்வொன்றிலும் அறிவியல் பெயர், அதன் பொருள், பிறந்த நாடு. மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் உறை. என் அகராதி ‘பி’யோடு முடிந்துவிட்டதால் ரோஜா முதலிய நாற்பத்தைந்து தொட்டிகளுக்கு அட்டை இல்லை. மீதி 98 தொட்டிகளுக்கு உண்டு.

ஞாயிறு காலை, மாமியார் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில் அத்தனையையும் கட்டி முடித்தேன். எதைக் கொண்டு? யார்டில் சரக்கு மூட்டைகளுக்குப் போடும் பிளாஸ்டிக் டை கொண்டு. ஒருமுறை இழுத்தால் இறுகிவிடும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். யாரும் கழற்றிவிடக் கூடாதல்லவா.

மாமியார் இரண்டு குடங்களோடு வந்தார். பார்த்தார். “ரேவதி” என்று தெருவைப் பார்த்துக் கூப்பிட்டார். ரேவதி இன்னும் வரவில்லை. அவர் குடத்தை இறக்கிவைத்து அதனிடம் சொன்னார். “இன்னாது இது, செடிக்கெல்லாம் ஆஸ்பத்திரி சீட்டு கட்டிகீது?”

“படிச்சவங்க வாங்குவாங்க அத்த” என்றேன்.

குடம் பதில் சொல்லவில்லை.

முதல் வாடிக்கையாளர் பக்கத்து ஸ்டாண்டு ஆட்டோக்காரர். “யக்கா, செம்பருத்தி ஒண்ணு குடு. அம்மா கேட்டுச்சு, அம்மனுக்கு வெக்க.” தொட்டியை எடுத்தவர் அட்டையைப் படித்தார். ‘ஹிபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ். பொருள்: சீனாவின் ரோஜா. நாடு: சீனா.’ சூடான பாத்திரத்தை வைப்பது போலத் தொட்டியைக் கீழே வைத்தார்.

“இன்னாக்கா, சைனா பீசா?”

“இன்னாது சைனா? ரெட்ஹில்ஸாண்டேர்ந்து வருது நைனா.”

“எய்திகீதே.”

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவை இருந்திருக்காது. “சைனாதான்ணே” என்றேன். “ஆனா நல்ல ஜாதி.”

“போன மாசம் ஒரு சைனா டார்ச்சு வாங்கினேன். ரெண்டு நாளு எரிஞ்சிது. மூணாம் நாள்லேர்ந்து அத்த வெச்சி ஆணி அட்ச்சிகினு கீறேன். இதுல அம்மனுக்கு வேற டூப்ளிகேட்டு பூ வெக்க சொல்றியா?”

அவர் ஒரு ரோஜாவை எடுத்துக்கொண்டு போனார். அன்று காலை எல்லோரும் ரோஜாவைத்தான் எடுத்தார்கள். ஒன்பதரைக்குள் 31 ரோஜாவும் தீர்ந்தது. ரோஜா விற்றதற்குக் காரணம் அதன் அழகு என்று அப்போது நினைத்தேன். அதில் அட்டை இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

அடுத்து வந்தவர் பெரணிச் செடியைத் தூக்கிப் பார்த்தார். அதன் பெயருக்குக் கிரேக்கத்தில் ‘சிறுநீரகச் செதில்’ என்று பொருள். அவர் முகம் மலர்ந்தது. “கிட்னி கல்லுக்கா தம்பி? அரைச்சி குடிக்கணுமா, கொதிக்க வெச்சா?” மாமியார் அதற்குள் தொட்டியைப் பையில் போட்டுவிட்டார். நான் உண்மையைச் சொன்னேன். வித்துப் பையின் மேலிருக்கும் மூடி சிறுநீரக வடிவம், அவ்வளவுதான், மருந்தெல்லாம் இல்லை, குடித்தால் என்ன ஆகும் என்றும் தெரியாது. அவர் தொட்டியைத் திருப்பி வைத்தார். மாமியார் வெறும் பையை மடித்துக்கொண்டே வானத்தைப் பார்த்தார். இந்த ஒன்றில் மட்டும் நான் செய்தது சரி என்று இன்றும் சொல்வேன். யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

பத்து மணிக்குக் காதர் பாய் வந்தார். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவர். ஞாயிறு விடுமுறை என்பதால் பக்கத்து டீக்கடையில் ஒரு மணி நேரம், மாமியார் கடையில் ஒரு மணி நேரம் என்று கணக்கு. அட்டைகளை ஒவ்வொன்றாகக் குனிந்து படித்தார். சங்குப்பூவிடம் வந்ததும் நின்றார்.

“தம்பி, எல்லாத்துக்கும் அர்த்தம் போட்டுகீற. இதுல மட்டும் ‘பொருள்: நேரில் கேட்கவும்’னு கீதே. இன்னா அது?”

நான் அவர் காதருகில் போய் மெதுவாகச் சொன்னேன். (இங்கேயும் எழுத மாட்டேன். தேவைப்பட்டால் நேரில் கேட்கவும்.)

பாய் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார். பையிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

“யார் வெச்ச பேரு இது?”

“ஐரோப்பாவுல ஒரு அறிஞர், பாய்.”

“அவரு வூட்ல பெரியவங்க யாரும் இல்லியா?”

பிறகு அவர் வாங்கவும் இல்லை, போகவும் இல்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். இப்படி ஒரு ஞாயிறு இனி வராது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பதினொன்றரைக்கு ஜெயராணி அம்மா வந்தார். அன்றைய நாளின் பெரிய வாடிக்கையாளர் அவர்தான். கணவனும் மனைவியும் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள், இங்கே ஹார்டுவேர் கடை. கொடுங்கையூரில் புது ஃபிளாட் வாங்கியிருந்தார்கள். மறுநாள் பால் காய்ச்சுகிறார்கள். வாசலிலிருந்து படி வரை இரண்டு பக்கமும் வைக்க, இருக்கும் 22 குரோட்டனையும் எடுத்துக்கொள்வதாக முன்பே சொல்லியிருந்தார். கூடவே தொட்டிகளை ஏற்ற ஒரு குட்டி யானை வண்டியும் வந்து நின்றது. மாமியார் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக நிம்மதி தெரிந்தது. அந்தக் குரோட்டன்கள் போய்விட்டால் மீதியை எப்படியாவது தள்ளிவிடலாம்.

ஜெயராணி அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“தம்பி, இது என்னது? உண்ணின்னு போட்டுருக்கு?”

“கிரேக்கச் சொல்லும்மா. குரோட்டன்னா நாய் மேல, மாட்டு மேல ஒட்டியிருக்குமே, அந்த உண்ணி. விதை பாக்க அப்படியே இருக்கும்னு அந்தப் பேரு.”

“விதை எங்க?”

“இதுல இல்ல. ஆனா பேரு அதான்.”

அவர் 22 தொட்டிகளையும் ஒரு முறை பார்த்தார். “நாளைக்குப் பால் காய்ச்சப் போற வீட்டு வாசல்ல இருவத்திரெண்டு உண்ணியக் கொண்டுபோய் வரிசையா வைக்கச் சொல்லுதியளா?”

“அட, அது சும்மா எய்திகீதும்மா” என்று மாமியார் ஓடிவந்தார். அட்டையைப் பிடித்து இழுத்தார். டை அறுபடவில்லை. செடி வேரோடு கையில் வந்தது. நெஞ்சில் அடித்துக்கொள்ளாத குறையாக அதை மறுபடி மண்ணில் செருகிவிட்டு, சமாதானமாக இன்னொரு தொட்டியை எடுத்து நீட்டினார். குட்டையான அடிமரமும் இளஞ்சிவப்புப் பூவுமாக ஒரு அடீனியம். “இத்த நா சும்மா தரேன்மா. புது வூட்டுக்கு லட்சணமா இருக்கும். வாங்கிக்க.”

ஜெயராணி அம்மா வாங்கிக்கொண்டார். முகம் கொஞ்சம் இளகியது. அப்போதுதான் அந்த அட்டை காற்றில் திரும்பியது. ‘அடீனியம் ஒபீசம். பொருள்: ஏடன் ஊரைச் சேர்ந்த பருத்த உடம்பு.’

ஜெயராணி அம்மா கொஞ்சம் பூசினாற்போல இருப்பார். கொஞ்சம் என்று நான் சொல்வது மரியாதைக்காக. அவர் அட்டையைப் படித்தார், தன்னைப் பார்த்துக்கொண்டார், பிறகு என்னைப் பார்த்தார்.

“எனக்குன்னே எழுதி வச்சியளோ?”

“இல்லம்மா” என்றேன் பதறிப்போய். “நீங்க வர்றதுக்கு முன்னாடியே எழுதினது.”

காதர் பாய் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். துண்டு குலுங்கியது. குட்டி யானை வண்டி வெறுமனே திரும்பிப் போனது.

மாமியார் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருக்க வேண்டும். ஆனால் மரியாதை தடுத்தது. அவர் நேராகக் குரோட்டன் வரிசைக்குப் போய், முதல் தொட்டியின் எதிரே இடுப்பில் கை வைத்து நின்றார்.

“ஏ உண்ணி. நீ நல்லா கீறியா? படிச்ச உண்ணின்னு நம்பித்தான பொண்ண குடுத்தேன். இருவது வர்ஷமா இதே பிளாட்பாரத்துல கீறேன், ஒரு செடியும் என்னாண்ட பேர் கேட்டதில்ல. வாய் இல்லாத ஜீவனுக்கு வாய் வெச்சி பேச வுட்டு இப்புடி பேஜாரு பண்ணிட்டியே. உன்ன யாருனா அர்த்தம் கேட்டாங்களா? கேட்டாங்களா சொல்லு.”

ஆட்டோ ஸ்டாண்டு முழுக்கக் கூடிவிட்டது. சைனா செடி, உண்ணிச் செடி என்று செய்தி பரவியதும் படிக்க ஆள் வந்தது. ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சிரிக்க, ஒருத்தரும் வாங்கவில்லை.

கடைசி முயற்சியாக முருங்கைக் கன்றைத் தூக்கிக் காட்டினேன். “இதோட லத்தீன் பேரு மொரிங்கா. அது நம்ம முருங்கைங்கிற தமிழ்ச் சொல்லுலேர்ந்து போனது” என்று கூட்டத்துக்கு அறிவித்தேன். பெருமையில் குரல் நடுங்கியது.

கூட்டத்தில் ஒருவர் கேட்டார். “அப்ப முருங்கைன்னா முருங்கைன்னு அர்த்தமா?”

“ஆமா.”

“இத்த சொல்றதுக்கு ஒரு அட்டையா வாத்யாரே?”

பன்னிரண்டு மணிக்கு ரேவதி சாப்பாட்டுக் கூடையோடு வந்தாள். ஒரே பார்வையில் நிலைமையைப் புரிந்துகொண்டாள். கைப்பையிலிருந்து நகவெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள். நகவெட்டியால் ஒரு டையை அறுக்க ஏறத்தாழ மூன்று நிமிடம் ஆகும் என்பதை அன்று குறித்துவைத்தேன். அட்டை அறுபட்ட தொட்டிகளை ரேவதியும் மாமியாரும் அந்த வழியாகப் போனவர்கள் கையில் திணித்தார்கள். மாலை ஐந்து மணிக்கு மிச்சம் 41. அதில் குரோட்டன் 22, செம்பருத்தி 13, அடீனியம் 4, சங்குப்பூ 2.

நாற்பத்தொன்றும் எங்கே போகும்? வேறு வழியில்லை. திருவொற்றியூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த இரண்டாம் மாடிக்குத்தான். வண்டியில் தொட்டிகளை ஏற்றி, அறுக்க நேரமில்லாமல் போன அட்டைகள் காற்றில் படபடக்க, நான் நடுவில் குந்திக்கொண்டு போனேன். ஒவ்வொரு சிக்னலிலும் யாராவது படித்தார்கள். படிக்கட்டில் பதினெட்டு, குளியலறையில் ஆறு, மீதி கட்டிலைச் சுற்றி. அன்றிலிருந்து குளிப்பது செடிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நின்றுதான்.

திங்கட்கிழமை பொக்லைன் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் வரவில்லை. பதினோராவது வாரம்தான் வந்தது. அதுவரை மாமியார் அதே இடத்தில் நிம்மதியாகக் கடை போட்டார், குரோட்டன் மட்டும் எடுப்பதை நிறுத்திவிட்டு.

இன்னொரு பிழையையும் பதிவு செய்வது என் கடமை. சில மாதம் கழித்து முழு அகராதி ஒன்றைப் பார்த்தேன். நாம் தொட்டியில் வளர்க்கும் அலங்காரக் குரோட்டன், அறிவியல்படி ‘குரோட்டன்’ என்ற இனமே இல்லை. அது கோடியேயம் என்ற வேறு இனம். உண்ணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு திருத்தக் குறிப்பு எழுதி எடுத்துக்கொண்டு கொடுங்கையூர் ஃபிளாட்டுக்கே போனேன். ஜெயராணி அம்மா கிரில் கதவுக்கு உள்ளே நின்றபடியே படித்தார்.

“சரி தம்பி. நாங்க பிளாஸ்டிக் செடி வச்சிட்டோம். அதுக்கு என்ன அர்த்தம்னு மட்டும் சொல்லிராதிய.”

எங்கள் தெருவில் எனக்கு இப்போது பெயர் உண்ணி. தபால்காரர் வரை அந்தப் பெயரில்தான் விசாரிக்கிறார். மாமியார் இன்றும் என்னிடம் நேராகப் பேசுவதில்லை. வீட்டுக்கு வந்தால் படிக்கட்டிலிருக்கும் முதல் குரோட்டனிடம் நின்று விசாரிப்பார். “இன்னா உண்ணி, பொண்டாட்டிய வேல வாங்கிகினு காலாட்டிகினு குந்திகீறியா?” நான் உள்ளிருந்து எழுந்து போய்ப் பாத்திரம் தேய்ப்பேன்.

ஆனால் அந்த ஞாயிறு மாலை அவர் என்னிடம் நேராகவே ஒரு வாக்கியம் பேசினார் என்பது என் கட்சி. வண்டியில் கடைசிக் குரோட்டனை ஏற்ற அதை மார்போடு அணைத்துத் தூக்கினேன். அவர் எதிரே வந்து நின்று சொன்னார்: “இனிமே நீ வாயத் தொறந்த, தண்ணி ஊத்த மாட்டேன்.”

குரோட்டனுக்கு வாய் கிடையாது, ஆகவே அது எனக்குத்தான் என்கிறேன். எனக்கு அவர் ஒருநாளும் தண்ணீர் ஊற்றியதில்லை, ஆகவே அது குரோட்டனுக்குத்தான் என்கிறாள் ரேவதி. காதர் பாய் அந்த நேரத்தில் துண்டுக்குள் இருந்ததால் சாட்சி சொல்ல இயலாது என்கிறார். மாமியாரைக் கேட்கலாம் என்றால், அவர் பதிலைக் குரோட்டனிடம்தான் சொல்வார். எனவே அந்த வாக்கியம் யாருக்குச் சொல்லப்பட்டது என்பது இதை எழுதும் தேதி வரை உறுதி செய்யப்படவில்லை.